மூட்டைக்கு ஒரு ஏணி

ஆகஸ்ட் 4, திங்கள்

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து இன்று மறுபடியும் ரம்பத்தைக் கையில் எடுத்தேன். கடைசியாக எடுத்தது பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் காற்றாலை செய்ய. இப்போது ஒரு நண்டுக்கு ஏணி செய்ய.

நண்டு என் மகள் பியூலாவுடையது. மே மாதக் கடைசியில் சென்னையிலிருந்து தனியாக ரயிலில் வந்தாள். ஒரு சூட்கேஸ், மடியில் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சங்கோடு ஒரு நண்டு. மாப்பிள்ளை கிங்ஸ்லி வரவில்லை. சென்னை வெயில் தாங்கவில்லை என்றாள். "வெயிலுக்குப் பயந்து தூத்துக்குடிக்கு ஓடி வந்த முத ஆளு எம் பிள்ளைதான்" என்று என் மனைவி எமிலி சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஓடிவிட்டது. எப்போது திரும்புவாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்தால் எத்தனை நாள் என்று கேட்பது நாகரிகம் இல்லை.

பாடப்புத்தகத்தில் இதற்குத் துறவி நண்டு என்று பெயர். உடம்பின் பின்பாதி மெத்தென்று இருக்கும். அங்கே ஓடு கிடையாது. அதனால் ஒரு காலிச் சங்கைத் தேடிப் பின்பக்கமாக நுழைந்து, போகுமிடமெல்லாம் சுமந்துகொண்டு போகும். சுமப்பதால் பியூலா வைத்த பெயர் மூட்டை. "மூட்டைப்பூச்சி ஒண்ணுதான் இந்த வீட்டுல இல்லாம இருந்துச்சு" என்பாள் எமிலி. ஆனால் காய் நறுக்கும்போது கேரட்டில் ஒரு துண்டை அதற்கென்று ஒதுக்கிவைக்கிறாள்.

மூட்டைக்கு இடப்பக்கம் ஒரு கால் இல்லை. எப்படி என்று கேட்டேன். "கீழ விழுந்துட்டுப்பா" என்றாள். முன்பு பெரிய கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தாளாம். அது கைதவறி உடைந்துவிட்டதாம்.

பரணில் கிடந்த பழைய மீன்தொட்டியைக் கழுவி, கடல்மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து அரை அடிக்கு நிரப்பினோம். நல்ல தண்ணீருக்கு ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீருக்கு ஒன்று. தரையில் வாழும் இந்த வகை நண்டுக்கு ஏறுவதென்றால் ஆசை. ஏற ஒன்றும் இல்லாமல் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிராண்டுகிறது. யாருக்கும் ஒரு வேலை வேண்டும். எனக்கும்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

மின்கம்பியில் உரசுகிறது என்று போன வருடம் வெட்டிய வேப்பங்கிளை பின்வாசலில் காய்ந்து கிடக்கிறது. வேம்பை விட நல்ல மரம் எது? பல் துலக்குகிறோம், அம்மை இறங்கினால் அந்த இலை போட்டுக் குளிக்கிறோம், புழு வராமலிருக்க அரிசிப் பானையில் போடுகிறோம். பட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது பியூலா பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லா இருக்கும்லா?" என்றேன். கொஞ்சம் கழித்து, "ம்" என்றாள்.

இரண்டு நெடுங்கொம்பு, ஆறு படி. முதல் படிக்கு ஆணி அடித்தேன். இரண்டாவது ஆணிக்குச் சுத்தியலை ஓங்கி அடித்தபோது அடுக்களையில் ஏதோ உடைந்தது. போய்ப் பார்த்தேன். பியூலா தரையில் குந்தி, கண்ணாடி டம்ளர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லப்பா. வழுக்கிட்டு" என்றாள். இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார்.

ஆணி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தொட்டிக்குள் எப்போதும் ஈரம். துருப்பிடித்தால் நண்டுக்கு ஆகாது. தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுவதுதான் சரி. சுத்தியலைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிங்ஸ்லி பேசினார். என் போனுக்கு. எமிலியும் பியூலாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள்.

நல்ல பிள்ளை. நான்தான் பார்த்து முடித்த இடம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சொன்னார்: குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிறு தவறாமல் ஆராதனை. அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"சின்னச் சண்டை மாமா. போன எடுக்கவே மாட்டேங்கா. நீங்க பெரியவிய, ஒரு தேதி சொல்லுங்க. லீவு போட்டுட்டுப் பெரியப்பாவோட வந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். குரலில் பணிவு இருந்தது. செப்டம்பர் 13, சனிக்கிழமை என்று சொன்னேன். கட்டாயம் அனுப்பி வைக்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

பியூலாவிடம் சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும். எமிலியிடமும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான்கு படி கட்டியாயிற்று. முடிச்சு இறுக வேண்டுமானால் கயிற்றை முதலில் நனைத்துக் கட்ட வேண்டும். காயும்போது தானே பிடித்துக்கொள்ளும். எமிலி வந்து பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரய்யா, நம்ம அடுக்களைக் கதவு மூணு மாசமா தொங்குது. அதுக்கும் ஒரு நண்டு வாங்கி விட்டாதான் கவனிப்பீயளோ?" என்றாள். பியூலா சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில் தேதி விஷயம் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏணி தயார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, காயவைத்துத் தொட்டியில் சாய்த்து வைத்தேன். மூட்டை வந்தது. கொம்பை உணர்கொம்பால் தட்டிப் பார்த்தது. இரண்டு படி ஏறியது, நின்றது, இறங்கியது. புதுப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளை முதல் நாள் வாசலிலேயே நிற்கும் அல்லவா? பழகிவிடும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் மூட்டையைக் காணவில்லை. மணலில் ஒரு குழி மட்டும் இருந்தது. பியூலா முகம் தொட்டிக்கு மிக அருகில்.

"தோலுரிக்கப் போயிருக்குப்பா. மண்ணுக்குள்ள போய்ப் பழைய தோலக் கழத்தும். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். அது வரைக்கும் தோண்டவே கூடாது. மேல் தோல் இல்லாம மெழுகு மாதிரி இருக்கும். கை பட்டாலே செத்துரும்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நாளாயிற்று. இழந்த கால்கூடத் தோலுரிக்கும்போது மறுபடி முளைக்கும் என்றாள்.

"உள்ள உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. செத்துப்போச்சுன்னா வாடை வரும். வாடை வரலைன்னா இருக்குன்னு நெனச்சுக்கிடணும்."

ஆகஸ்ட் 20, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலையில் பின்வாசலில் எறும்புச் சாரை. வரிசையாக வந்துகொண்டிருந்த எறும்புகள் ஓர் இடத்தில் அரைவட்டமாக வளைந்து சுற்றிப் போயின. நடுவில் என்ன இருக்கிறது என்று குனிந்தேன். நான் ஏணி அறுத்தபோது விழுந்த வேப்பந்தூள்.

முப்பத்து நான்கு வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன் நான். கணுக்காலிகள் என்று ஒரு பாடம். பூச்சி, சிலந்தி, நண்டு, மூன்றும் ஒரே பெருங்குடும்பம், மூன்றும் தோலுரித்துத்தான் வளரும் என்று கரும்பலகையில் படம் போடுவேன். இன்னொரு பாடத்தில் வேம்பு ஏன் பூச்சிக்கொல்லி என்று வரும். அது பூச்சியை உடனே கொல்வதில்லை, தோலுரிக்க விடாமல் செய்துவிடும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பாடத்துக்கும் இடையில் இருபது பக்கம். அந்த இருபது பக்கத்தை நான் ஒருநாளும் தாண்டிப் பார்க்கவில்லை.

ஏணியைத் தொட்டியிலிருந்து எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் காய்ந்த கட்டை, இன்னும் கசந்தது. மூன்று நாள் ஈர மணலில் நின்றிருக்கிறது. மூட்டை கீழே போன பிறகும் ஆறு நாள். எவ்வளவு இறங்கியிருக்கும், எவ்வளவு இருந்தால் நண்டுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை. மணலை மாற்றவும் முடியாது. மாற்ற வேண்டுமானால் தோண்ட வேண்டும்.

பியூலாவிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வேப்பமரம் ஆகாதுன்னு. முன்னயே படிச்சிருக்கேன்."

"அப்போ ஏம் பிள்ளே சொல்லல? பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"நீங்க ஆசையா செஞ்சீய." துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா உங்களுக்குக் கோவம் வருமோன்னு..."

என் கோபத்தை அவள் எப்போது பார்த்தாள்? ஒருமுறை பலகையில் நான் ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டேன். நாற்பது பேரும் அப்படியே எழுதினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "சார், ஆக்சிஜன் ரெண்டு வரணும்" என்றாள். அவளுக்குக் கைதட்டச் சொன்னேன். பிள்ளைகள் பயப்படாத வகுப்பில்தான் வாத்தியார் தப்பு திருந்தும் என்று எல்லோரிடமும் சொல்வேன். என் மகளும் அந்த வகுப்பில் ஒரு வருடம் படித்தாள். அதற்குப் பிறகு எந்த வகுப்பில் படித்தாள்?

ஆகஸ்ட் 25, திங்கள்

வேப்பங்கட்டையை அடுப்பில் வைக்கக்கூட மனம் வரவில்லை. தெருமுனையில் போட்டுவிட்டேன். பின்வீட்டுக்காரர் கொய்யா மரத்தில் கிளை கழித்தார். கொய்யா ஆகுமா என்று இந்தமுறை பியூலாவிடம் கேட்டேன். ஆகும் என்றாள். நிஜமாகவா என்றேன். "நிஜமாத்தான்ப்பா. மருந்தடிச்சாங்களான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க." போய்க் கேட்டேன். அடிக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 30, சனி

தினமும் காலையில் தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறேன். மண் வாடைதான். "ஜெபத்துக்கு முன்ன நண்டு மோப்பம்" என்கிறாள் எமிலி. கேலிதான் செய்கிறாள். ஆனால் நான் மூடியதும், "என்ன, இருக்கா?" என்று கேட்கிறாள்.

கிங்ஸ்லியிடமிருந்து குறுஞ்செய்தி: '13 உறுதிதானே மாமா?' ஆமாம் என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காதில் வைத்துக் கேட்கும் வழக்கம் எனக்கில்லை. ஸ்பீக்கரில்தான் போடுவேன். "நீங்க ஒருநாளும் எங்கள அடிச்சதில்ல சார். அதத்தான் என் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றான். பியூலா எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

கொய்யாக் கொம்பில் மூன்று கிளை விட்ட ஒரு துண்டைத் தேர்ந்து, அடிப்பலகையில் துளை போட்டுச் செருகினேன். மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினேன், ஏறி ஒளிந்துகொள்ள. கொம்பில் குறுக்காகக் கட்டிய படிகளுக்கு நடுவே விரற்கடை அளவு. கால் குறைந்தவனுக்கு எட்ட வேண்டுமே. தொட்டியில், மூட்டை போன இடத்துக்குத் தள்ளி, மணல் மேல் வைத்தேன். ஏற ஆள் இல்லாத ஏணி.

செப்டம்பர் 11, வியாழன்

இனி தள்ள முடியாது. சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்: "சனிக்கிழமை கிங்ஸ்லி வாராரு. அவிய பெரியப்பாவும். பேசிட்டு உன்னக் கூட்டிட்டுப் போகணும்னு."

பியூலா சோற்றில் கையை வைத்தபடி இருந்தாள். "யாரு வரச் சொன்னா?"

"அவராத்தான் வாராரு."

முழுப் பொய் இல்லை. அவர்தான் முதலில் போன் செய்தார்.

"சரிப்பா" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்பாள் என்று நினைக்கவில்லை. பிறகு, "மூட்டை மண்ணுக்குள்ள இருக்கே" என்று மட்டும் சொன்னாள். சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டுப் போய் சூட்கேஸை இறக்கினாள்.

எமிலி என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். அவள் தாழ்ந்த குரலில் பேசினால்தான் பயம்.

"அவ கையப் பாத்திருக்கீயளா?"

"அடுப்புல சுட்டிருக்கும்."

"முழங்கைக்கு மேலயா அடுப்பு சுடும்? முதுகு? முதுகுல எந்த அடுப்பு?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்த மறுநா எண்ணெ தேய்க்கையில பாத்தேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு வேதப்புஸ்தகத்து மேல கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நானா சொல்ல முடியாது, நீங்களா ஒரு நா கேப்பீயன்னு பாத்தேன். மூணு மாசம் நண்டப் பாத்தீய. நல்ல மரம், நல்ல குடும்பம்னு யாரு சொன்னாலும் தலைய ஆட்டிக்கிடுவீய."

உள்ளே வந்தேன். கொய்யாக் கொம்பில் நான்காவது முடிச்சு தளர்ந்திருந்தது. நனைத்து மறுபடி கட்டினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாளை உட்கார்ந்து பேசுவோம். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். அவரும் படித்த பிள்ளை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது.

மண் வாடைதான்.

செப்டம்பர் 13, சனி

பதினொரு மணிக்குக் கார் வந்தது. கிங்ஸ்லி, பெரியப்பா தனராஜ். ஒரு பெரிய இனிப்புப் பெட்டி. தனராஜ் உட்கார்ந்ததும் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். எமிலி காபி கொடுத்தாள். பியூலா சூட்கேஸோடு அறை வாசலில் நின்றாள். சூட்கேஸ் பூட்டியிருந்தது, சாவி கையில்.

"குடும்பம்னா நாலும் இருக்கும் சார்" என்றார் தனராஜ். "இவன் கோவக்காரன்தான், ஆனா மனசு சுத்தம். இனிம நான் பாத்துக்கிடுதேன்."

கிங்ஸ்லி எழுந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியைக் கண்டு சிரித்தார். "ஏ, இது இன்னும் உயிரோடவா இருக்கு? அன்னைக்குத் தொட்டியோட போயிருக்கும்னுல்லா நெனச்சேன்!"

"அன்னைக்குன்னா?" என்றேன்.

கிங்ஸ்லி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஒரு கோவத்துல தட்டி விட்டுட்டேன் மாமா. அதுக்குப்போயி இவ்வளவு தூரம்."

கைதவறி உடைந்தது என்று பியூலா சொன்னாள். யாருடைய கை என்று நான் கேட்கவில்லை.

"கிளம்பலாமா?" என்றார் தனராஜ்.

அப்போது பியூலா பேசினாள். தரையைப் பார்த்துத்தான். "அது மண்ணுக்குள்ள தோலுரிக்குது. இப்ப எடுத்தா செத்துரும். அது மேல வந்த பொறவு நான் வாரேன்."

"நண்டுக்காக நாங்க காத்துக் கெடக்கணுமா?" கிங்ஸ்லியின் குரல் மாறவில்லை. அதே பணிவு. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். "இப்ப என்ன, அத எடுக்கணும், அவ்வளவுதான? நான் எடுத்துத் தாரேன் பாருங்க." கொய்யாக் கொம்பைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். மணலுக்குள் கையை விட்டார்.

நான் பியூலாவைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை, ஓடிவந்து தடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று தலையைத் தாழ்த்தி இரண்டு முழங்கையையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டாள். சரியாகச் செய்தாள். தூறல் விழுந்ததும் குடை விரிக்கும் ஆளைப் போல, யோசிக்காமல், பழகிய கையோடு செய்தாள். அவளை யாரும் தொடக்கூட இல்லை. தொட்டியில் கைவிட்டவர் அவளுக்கு ஐந்தடி தள்ளி இருந்தார்.

கிங்ஸ்லியின் மணிக்கட்டைப் பிடித்தேன். மணல் மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

"கைய எடுங்க."

"மாமா, ஒரு நண்டு..."

"எடுல கைய!"

எந்த மாணவனையும் நான் 'ல' போட்டுக் கூப்பிட்டதில்லை. என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. இழுத்தேன். வெறும் மணல்தான் வந்தது.

தனராஜ் எழுந்துவிட்டார். "சார், என்ன இது? ஒரு மாசத்துக்கு முந்தி நீங்கதான தேதி குறிச்சுக் குடுத்தீய? அனுப்பி வைக்கேன்னு வாக்குக் குடுத்தீயளா, இல்லியா?"

எமிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடுத்தேன்" என்றேன். "அவளக் கேக்காமக் குடுத்தேன். அது என் தப்பு. அவ வர மாட்டா."

"வாத்தியாரு பேசுற பேச்சா இது?"

"ஆமா."

எமிலி இனிப்புப் பெட்டியைக் கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காபி குடிச்சாச்சுல்லா? பாத்துப் போயிட்டு வாங்க." கிங்ஸ்லி படியிறங்கும்போது என்னைப் பார்த்து, இதற்கு நான் வருத்தப்படுவேன் என்றார். வருத்தப்படுவதற்கு அவர் சொல்லாத வேறு காரணங்கள் எனக்கு இருந்தன.

கார் போன பிறகு பியூலா தொட்டிக்குள் கைவைத்துக் குழியை மெல்ல மூடினாள், அழுத்தாமல். திரும்பாமலே கேட்டாள்.

"தேதி நீங்களா சொன்னீய?"

"ஆமா."

"எப்ப?"

"ஆகஸ்ட் ஒன்பது."

"அப்போ ஏணி கட்டுன நேரமெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூவரும் ஆராதனைக்குப் போகவில்லை. கிங்ஸ்லியின் கை எவ்வளவு ஆழம் போனது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அரை அடி மணல். முழுவதும் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

பியூலா என்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில்லை. எமிலியிடம் சொன்னேன். "கோவப்படட்டும், விடுங்க" என்றாள். "பயப்படாமக் கோவப்படுதால்லா, அதப் பாருங்க."

செப்டம்பர் 22, திங்கள்

எமிலியும் அவளும் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். பியூலா அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். பார்த்தேன். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அவர்கள் வரும் வரை அடுக்களைக் கதவைச் சரிசெய்தேன். கீல் திருகாணிகளைத் திருப்புளியால்தான் முடுக்கினேன்.

செப்டம்பர் 27, சனி

ஆறு வாரம் ஆகிறது. இன்று காலை லேசாக ஏதோ வாடை. எமிலியைக் கூப்பிட்டேன். அவள் மோந்துவிட்டு, "இது பக்கத்து வீட்டுக் கருவாடு" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி மோந்தோம். மண் வாடைதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபர் 1, புதன்

கொய்யாக் கொம்பு விழுந்ததில் ஒரு கிளை முறிந்திருந்தது. புதிதாக ஒன்றை ஒட்டுப்போட்டது போல் வைத்துக் கட்டி, படிகளையும் மாற்றிக் கட்டினேன். முடிச்சுக்கு நாள் ஆகிறது. விரல் முன்புபோல் இல்லை.

அக்டோபர் 4, சனி

காலை ஆறரை மணி. பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பியூலா தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

மணலின் மூலையில் ஒரு புடைப்பு. அது அசைந்தது. முதலில் சங்கின் முனை, பிறகு உணர்கொம்பு, பிறகு இடுக்கி. கழுவி வைத்தது போல் புது நிறம். இடப்பக்கத்தில், கால் இல்லாத இடத்தில், அரிசி மணியை விடக் கொஞ்சம் நீளமாக, கண்ணாடி போல ஒன்று. அது இன்னும் தரையைத் தொடவில்லை. ஆனால் மற்றக் கால்கள் நடந்தபோது அதுவும் காற்றில் நடந்தது.

எமிலி தலையை முடிந்துகொண்டே வந்து பார்த்தாள். "வந்துட்டியா எம் மூட்ட" என்றாள். கேரட் எடுக்க ஓடினாள்.

பால் இன்னும் என் கையிலேயே இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மூட்டை இன்று ஏணிக்கு வந்தது. உணர்கொம்பால் கொய்யாவைத் தட்டியது. முதல் படி ஏறியது. இரண்டாவது படி. மூன்றாவதற்கு இடுக்கியை நீட்டியது, எட்டவில்லை. மறுபடி நீட்டியது. சங்கின் பாரம் பின்னால் இழுக்க, கீழே போய் மணலில் உட்கார்ந்துகொண்டது. நான் பேப்பர் படிப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியூலா தொட்டியிலிருந்து கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, மூணாவது படி சரியில்ல. ரொம்பத் தள்ளிக் கட்டியிருக்கீய."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இதுதான். குரலில் கோபம் அப்படியே இருந்தது. அவிழ்த்தேன். கீழே இறக்கிக் கட்டினேன். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கி, நீட்டினேன்.

விரலை வைத்து அளந்தாள். தலையை ஆட்டினாள்.

"இதுவும் பத்தாது. இன்னும் கீழ."

மறுபடியும் அவிழ்த்தேன்.